கல்லில் வெட்ட வேண்டாம்

நேசபாய் முதன்முறை முத்துக்கனியின் வீட்டுக்குப் போன அன்று முத்துக்கனி நாயை அவிழ்த்துவிட்டாள். நேசபாய் ஓடவில்லை. மடக்கிய குடையை முன்னால் நீட்டிக்கொண்டு வேலியோடு ஒட்டி நின்றாள். நாய் குரைத்து ஓய்ந்ததும், "நான் நாளைக்கும் வருவேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே மறுநாளும் வந்தாள்.

புதுக்கடைக்குத் தெற்கே கால்வாயை ஒட்டிக் கிடந்த புன்னமூட்டுவிளை என்ற ஊரில், 1921-ஆம் வருஷம் இது நடந்தது. நேசபாய் அங்குள்ள மிஷன் சபையின் பைபிள் ஸ்திரீ. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும், விருப்பமுள்ளவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், படுக்கையில் கிடப்பவர்களுக்காக ஜெபிப்பதும் அவள் வேலை. அப்போது அவளுக்கு முப்பது வயது நிறையவில்லை. புருஷன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் ஜான்ரோஸ் கால்வாயில் வள்ளம் தள்ளியவன். நீளமான கழுக்கோலை மண்ணில் ஊன்றி, அதைத் தோளில் கொடுத்து, வள்ளத்தின் ஓரமாகவே நடந்து நடந்து தேங்காய்த் தொண்டும் கயிறும் ஏற்றிய வள்ளத்தை நகர்த்துகிற வேலை. முத்துக்கனியின் புருஷன் வைகுண்டராஜனும் அதே வள்ளத்தில் மறுபக்கத்துக் கோல். ஒருவன் ஞானஸ்நானம் பெற்ற வீட்டுக்காரன். மற்றவன் அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யா வழிக்காரன், நெற்றியில் வெள்ளை நாமம் இடாமல் வெளியே இறங்காதவன். ஆனால் வள்ளம் நேராகப் போகவேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கோலை ஊன்றியாக வேண்டும். அப்படியே பழகிவிட்டார்கள்.

ஜான்ரோஸுக்கும் நேசபாய்க்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. ஊரில் பேதி வந்த வருஷம் அது படுத்தது. ஜான்ரோஸ் பிள்ளையின் தலைமாட்டில் முழங்காலில் நின்றவன் எழுந்திருக்கவேயில்லை. பிள்ளை போன பிறகு எழுந்தான். அதற்குப் பின் அவன் ஆலயத்துக்குப் போகவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, குடிக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளத்துக்குக் கீல் பூசிக்கொண்டிருப்பான். போதகர் வந்து கேட்டபோது, "நான் கேட்டேன். பதில் வரல்ல. இனி கேக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

யுத்த காலத்தில், மெசபொத்தாமியா ஆற்றில் படகு ஓட்ட ஆள் வேண்டும் என்று நாகர்கோவிலில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வள்ளக்காரர் இரண்டு பேரும் சேர்ந்தே பேர் கொடுத்தார்கள். புறப்படுகிற அன்று ஜான்ரோஸ் பெண்சாதியிடம், "எனக்காக ஜெபிக்கணும்னா நீ ஜெபி. அது உனக்க இஷ்டம். ஆனா நான் நம்புகேன்னு ஆரிட்டயும் சொல்லாத. எனக்க பேருல பொய் வேண்டாம்" என்றான். அடுத்த வருஷம் குண்டுப்பெட்டிகள் ஏற்றிப் போன அவர்களது படகு எதிரியின் பீரங்கிக் குண்டு பட்டு மூழ்கியது. இரண்டு பேரும் கரையேறவில்லை. சர்க்கார் கடுதாசி இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வந்தது.

அந்தத் துக்கம் தனக்கும் தெரியும் என்பதால், முத்துக்கனி நாயை அவிழ்த்துவிட்டதில் நேசபாய்க்குக் கோபம் இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முத்துக்கனி முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க வாசிக்கத நான் கேக்கணும்னா எனக்கு ஒரு காரியம் சொல்லணும். எனக்க மாப்பிள ஒங்க ஏசுவ நம்பல்ல. அவரு இப்ப எங்க?"

நேசபாய் அந்தக் கேள்விக்கு எத்தனையோ மழுப்பலான பதில்களைக் கேட்டிருக்கிறாள். அவற்றில் ஒன்றையும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நாம நல்லவங்களா இருந்ததுனால ஆண்டவர் சேத்துக்கிடது இல்ல, நம்புகதுனாலதான் சேத்துக்கிடுகாரு. நம்பாதவங்களுக்கு ரெட்சிப்பு உண்டுன்னு நான் படிச்ச வேதத்துல இல்ல."

முத்துக்கனியின் கை நின்றது. "அப்ப ஒங்க மாப்பிள? அவரும் நம்பாமத்தானே போனாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?"

"அவரையும் சேத்துத்தான் சொல்லுகேன்."

முத்துக்கனி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எங்க அய்யா அவர வைகுண்டத்துல வச்சிருக்காரு. அவருக்க பேரிலேயே வைகுண்டம் உண்டு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் திரிக்கத் தொடங்கினாள். ஆனால் அன்று முதல் நேசபாய் வருகிற நேரத்தில் நாய் கட்டிக் கிடந்தது. தனக்கு ஒரு நியாயம் அடுத்தவளுக்கு ஒரு நியாயம் என்று இவள் பேசவில்லை. அது போதும் என்று முத்துக்கனி எண்ணியிருக்க வேண்டும். எழுத்துப் படித்தாள். ஜெபத்துக்கு மட்டும் தலை குனியமாட்டாள்; நேசபாய் கண்ணை மூடினால் அவள் எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போடுவாள்.

யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகிற 1928-இல், சபையில் நினைவுக்கல் வைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. செலவை ஏற்றுக்கொண்டவர் செல்வதாஸ். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த அவர் சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் டீக்கன். அவருடைய ஒரே மகன் ஜெபதாஸ் பாக்தாதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலில் இறந்தவன். தன் மகன் பேரை மட்டும் வைத்துக்கொள்ள செல்வதாஸுக்கு மனம் வரவில்லை. "நம்ம சபையில ஜான்ரோசும் போயிருக்கான். ரெண்டு பேரும் இருக்கட்டு" என்றார். சபையார் நெகிழ்ந்துபோனார்கள். பிரசங்க பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பதிக்க, கல்வேலைக்குப் பேர்போன மயிலாடியிலிருந்து கறுத்த கல் வந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் ஜெபசீலன் கல்லில் வெட்டப்போகும் வாசகத்தை வாசித்தார். இரண்டு பேர்களுக்குக் கீழே, "ராஜாவுக்கும் தேசத்துக்கும் உயிரைக் கொடுத்ததினாலே நித்திய ஜீவகிரீடத்தைப் பெற்றவர்கள்" என்று வரும். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நேசபாயின் மாமியார் ராகேல் இரண்டு கையையும் மேலே தூக்கி வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். மகன் ஆலயத்துக்கு வராமல்போன நாள் முதல் அவளுக்குள் ஒரு கல் கிடந்தது; அதைப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு யாரோ எடுத்துவிட்டதுபோல் அவள் முகம் தெளிந்தது.

நேசபாய் அந்த முகத்தைப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தாள். ஆனால் நாளைக்கு முத்துக்கனியின் முற்றத்தில் போய் எந்த முகத்தோடு உட்காருவது? சண்டையில் செத்தால் மோட்சம் என்றால், அதே படகில் செத்த வைகுண்டராஜனுக்கு ஏன் இல்லை? நம்பினால்தான் மோட்சம் என்றால், ஜான்ரோஸுக்கு இந்த வரி எப்படிப் பொருந்தும்? எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்த வரி நிற்கவில்லை.

ஆராதனை கலைந்ததும் போதகரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, அந்த வரிய வெட்டாண்டாம்."

போதகர் சாந்தமானவர். அவளை உட்காரச் சொன்னார். "சிநேகிதனுக்காக உயிரைக் கொடுக்கிறதைவிடப் பெரிய அன்பு கிடையாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, நேசபாய் அம்மா."

"அன்பு பெரிசுதான் ஐயா. ஆனா அது ரெட்சிக்கும்னு நீங்க ஒருநாளும் பிரசங்கம் பண்ணினது இல்லிய."

போதகர் மறைக்காமல் சொன்னார்: "அந்த வரியை எழுதும்போது எனக்கும் அது தெரியும் அம்மா. ராகேல் அம்மாவை நினைத்துத்தான் எழுதினேன். ஒரு தாயின் மனதை ஆற்றினால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா என்று யோசித்தேன். இதற்கு மேல் நீங்கள் டீக்கனாரிடம்தான் பேசவேண்டும். கல் அவருடையது."

அவள் வீடு போய்ச் சேருமுன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ராகேல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏட்டி, எனக்க மோனுக்குப் பரலோகம் கிடச்சுதுன்னு சபையே சொல்லுகு. கட்டின பெஞ்சாதி நீ இல்லன்னு சொல்லுகியா?"

"இல்லன்னு நான் சொல்லல்ல மாமி. எனக்குத் தெரியாதுன்னு சொல்லுகேன்."

"தண்ணியில முங்கும்ப ஒரு தடவ 'ஆண்டவரே'ன்னு கூப்பிட்டிருக்கமாட்டானா? சிலுவையில கெடந்த கள்ளன் கடைசியிலதானே கூப்பிட்டான்."

"கூப்பிட்டிருக்கலாம். நான் அத நெனைக்காத நாளே இல்ல மாமி. எனக்க ஆசையும் அதுதான். ஆனா ஆசப்பட்டதக் கல்லுல வெட்டக்கூடாது. நம்பல்லன்னு அவரு வாயாலயே சொல்லிட்டுப் போனாரு. எனக்க பேருல பொய் வேண்டாம்னாரு."

"உனக்கு மாப்பிள. எனக்குப் பெத்த பிள்ள" என்றாள் ராகேல். சத்தம் போடவில்லை. உள்ளே போய்த் தன் துணிகளை ஒரு புடவையில் முடிந்துகொண்டு, இராஜாக்கமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போகிற மாட்டுவண்டியில் ஏறிவிட்டாள். நேசபாய் வண்டியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள். கிழவி திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. புருஷனை நரகத்தில் தள்ளினவள் என்று தண்ணீர்த்துறையில் அவள் காதுபடவே பேசினார்கள். சபைக் கமிட்டி கூடி, நிலைமை அடங்கும்வரை வீடு சந்திக்கப் போகவேண்டாம் என்றும், அதுவரை சம்பளம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. நேசபாய் சம்பளத்தை விட்டாள். வீடு சந்திப்பதை விடவில்லை. காலையில் கயிறு திரித்தாள், மாலையில் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போனாள்.

செல்வதாஸின் கடைக்குப் போவதற்குத்தான் அவளுக்குக் கால் எழவில்லை. அந்த மனிதர் நல்லது செய்யவந்தவர். ஆனாலும் போனாள். கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கல் ஒரு மூலையில் சாத்தியிருந்தது. மேலே சிலுவையும் அதன் கீழே பேர்கள் இரண்டும் வெட்டி முடிந்திருந்தன. கீழே அந்த வரி காவியால் எழுதி, உளி படாமல் நின்றது.

"வா நேசபாய்" என்றார். "பிள்ளைக்கு ஒரு கல்லு வைக்கணும்னு ஆசப்பட்டேன். அதுலயும் உனக்க மாப்பிளைக்கு இடம் குடுத்தேன். அதுக்கு இதா நீ செய்யது?"

"அண்ணாச்சி, ஜெபதாசு எப்படிச் செத்தான்?"

அவர் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் மகனோடு கிடந்து பிழைத்துவந்த ஒருவன் வந்து சொன்னதை ஊரே அறியும். காய்ச்சல் வேகத்திலும் பையன் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்காக ஜெபித்தான், கடைசி மூச்சு வரைக்கும் ஆண்டவர் பேர் நாவில் இருந்தது என்பதை அவரே எத்தனையோ முறை கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சுகிட்டே கேக்கியே" என்றார்.

"அவன் நம்பிச் செத்தான் அண்ணாச்சி. சின்னதுலேருந்து நம்பினான். அவனுக்கு ஜீவகிரீடம் கிடச்சுதுன்னா அந்த விசுவாசத்துனாலதான். ராஜாவுக்கு உயிரக் குடுத்ததினாலன்னு எழுதினா, அவன் நம்பினதுக்கு என்ன மதிப்பு? நம்பாத எனக்க மாப்பிளைக்கும் அதே, நம்பின ஒங்க பிள்ளைக்கும் அதேன்னா, அவன் அந்தக் கட்டில்ல கெடந்து ஜெபிச்சது வெறுதேயா?"

செல்வதாஸ் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்ற வண்டிக்காரனைப் பிறகு வரும்படி கையைக் காட்டினார். எழுந்துபோய், தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, காவி எழுத்தின் மேல் வைத்துத் துடைத்தார். ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இப்ப என்ன எழுதணும், சொல்லு."

"நமக்குத் தெரிஞ்சத எழுதுவோம். இந்த ஊருலேருந்து போனாங்க, திரும்பி வரல்ல, நாங்க மறக்கல்ல. அதுல ஒரு பொய்யும் இல்ல." கொஞ்சம் தயங்கி, "அப்படி எழுதினா இன்னொரு பேரும் வரணும் அண்ணாச்சி. வைகுண்டராஜனும் இந்த ஊருலேருந்துதான் போனாரு" என்றாள்.

"அவன் பேர எங்கன கோயிலுக்குள்ள வைக்க முடியும்?"

"உள்ள வேண்டாம். வாசலுக்கு வெளிய, ரோட்டப் பாத்து நட்டுவோம். ரெட்சிப்பு உள்ள இருந்து பேசவேண்டிய காரியம். செத்தவங்களுக்கு மரியாத ரோட்டுல போறவனும் செய்யட்டும்."

அவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அவனுக்க பெண்சாதி சம்மதிக்கணும். அத நீயே கேளு."

அது சுலபமாக முடிந்துவிடும் என்று நேசபாய் நினைத்தாள். முத்துக்கனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"கல்லுல சிலுவ இருக்குமா?"

"இருக்கும். மேல வெட்டியிருக்கு."

"அப்ப அவரு பேரு வேண்டாம்."

"ஏன் முத்துக்கனி? சிலுவ சும்மா அழகுக்குத்தானே..."

"அழகுக்கா? நீங்களா அப்படிச் சொல்லுகது?" முத்துக்கனியின் குரல் உயர்ந்தது. "சிலுவைக்குக் கீழ அவரு பேரு நின்னா, அவரும் வேதத்துல சேந்துட்டாருன்னு நாளைக்குச் சொல்லுவினும். அவரு சேரல்ல. ஒங்க மாப்பிளைக்குப் பொய் எழுத நீங்க சம்மதிக்கல்ல. எனக்க மாப்பிளைக்கு மட்டும் எழுதலாமா?"

ஊராரிடம் தான் பேசியதையே இவள் தன்னிடம் திருப்பிப் பேசுகிறாள் என்று நேசபாய்க்குப் புரிந்தது. ஆனால் சிலுவையை எடு என்று சொல்ல அவளால் ஆகுமா? அன்று வெறும் வயிற்றோடு ஆலயத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் போதகர் விளக்கேற்ற வந்தபோது நடந்ததைச் சொன்னாள்.

போதகர் அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல் நிற்கப்போகிற இடத்தைக் காட்டினார். அப்புறம் மேலே, ஆலயத்தின் முகப்பில் நின்ற பெரிய சிலுவையைக் காட்டினார்.

"அது நம்முடைய விசுவாசம். அதை யாரும் இறக்கப்போவதில்லை. இந்தக் கல் மூன்று பேரைப் பற்றியது. இதில் சிலுவையும் வேண்டாம், நாமமும் வேண்டாம். நான் கமிட்டியில் பேசுகிறேன். முதலிலேயே பேசியிருக்க வேண்டியது நான்தான்."

கமிட்டி இரண்டு தடவை கூடியும் சண்டைதான் நடந்தது. செல்வதாஸ் எழுந்து, "கல்லு என்னுது, எனக்க மகனுக்க பேரு அதுல உண்டு. எனக்குச் சம்மதம்" என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. மயிலாடி ஆசாரி வந்து கல்லைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் புதிதாக மூன்று பேர்களையும் வெட்டினான்.

யுத்தம் நின்ற நாளான நவம்பர் பதினொன்று அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சபையார் ஆராதனை முடித்து வெளியே வந்தார்கள். ரோட்டின் எதிர்ப்பக்கம் அய்யா வழிக்காரர்கள் தலைப்பாகையோடு வந்து நின்றார்கள். போதகர் மூன்று பேர்களையும் வாசித்தார். வைகுண்டராஜன் என்று வாசித்தபோது முத்துக்கனி ரோட்டைக் கடந்து வந்து கல்லுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பினாள். செல்வதாஸ் மகனுடைய பேரை விரலால் தடவினார். நேசபாய் ஜான்ரோஸின் பேரைப் படித்தாள். அவனைப் பற்றி அந்தக் கல் சொன்னது அவ்வளவும் உண்மை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகப் பலர் நடுவில் அழுதாள்.

ராகேல் வரவில்லை.

மறுவருஷம் கமிட்டி நேசபாயின் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ராகேல் மூன்று வருஷம் கழித்து, ஒரு பக்கம் கைகால் விழுந்த நிலையில் வந்து இறங்கினாள். மகள் வீட்டில் பார்க்க ஆளில்லை. நேசபாய் ஒன்றும் கேட்காமல் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். குளிப்பாட்டினாள், கஞ்சியை வாயில் ஊற்றினாள், தினமும் வேதம் வாசித்தாள். கல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை. கிழவி விட்டுக்கொடுக்கவுமில்லை. கடைசி நாட்களில் ஒருதரம் நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டு குழறலாகச் சொன்னாள்:

"நான்தான் முதல்ல போறேன். அவன் அங்க இருப்பான், நீ பாரு."

"இருந்தா எனக்கு அதவிட சந்தோஷம் ஒண்ணும் இல்ல மாமி."

"தோத்துப்போனேன்னு நீ அன்னைக்குச் சொல்லணும்."

"சொல்லுகேன்" என்றாள் நேசபாய்.

1939-இல் மறுபடியும் யுத்தம் வந்தது. மறுபடியும் பையன்கள் நாகர்கோவிலுக்குப் பேர் கொடுக்கப் போனார்கள். நேசபாய்க்கு நரை விழுந்திருந்தது. நடை மட்டும் தளரவில்லை. புறப்படப்போகிற ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் போனாள். போகாதே என்று யாரையும் தடுக்கவில்லை. ஆளைத் தனியே கூப்பிட்டு, "மக்கா, நீ ஆண்டவர நம்புகியா? எனக்குப் பதில் சொல்லாண்டாம், அவருகிட்டச் சொல்லிட்டுப் போ" என்பாள். ஜான்ரோஸ் புறப்பட்டபோது அழுதுகொண்டிருந்தாளே தவிர, நம்புகிறாயா என்று மறுபடி ஒருதரம் அவனிடம் கேட்கவில்லை. அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள்.

வைகுண்டராஜன் புறப்பட்டபோது தொட்டிலில் கிடந்த முத்துக்கனியின் மகனும் பேர் கொடுத்தான். தகப்பனைப்போல அவனும் வள்ளக்காரன். அவன் புறப்பட்டுப் போன மறுநாள் நேசபாய் அந்த முற்றத்துக்குப் போனாள். முத்துக்கனி நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, அய்யா வழிக் கோயிலான தாங்கலுக்குப் போய்வந்த ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நேசபாய் வழக்கம்போல் வாசித்தாள். முடித்துவிட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போனபோது முத்துக்கனி எழுந்திருக்கவில்லை.

"எனக்க மோன எங்க அய்யாட்ட ஒப்படச்சாச்சு" என்றாள். "இருந்தாலும் ஒங்க ஏசுட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையுங்க. நம்புகேன்னு இல்ல."

"தெரியும்" என்றாள் நேசபாய். பையனின் பேரைச் சொல்லி, அவன் உடம்புக்காகவும் ஆத்துமாவுக்காகவும் உரக்க ஜெபித்தாள். முத்துக்கனி தலையைக் குனியாமல், கண்ணை மூடாமல், ரோட்டைப் பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.